பழைய மகிழுந்தின் மின்னேற்றக் கோளாறுகளைக் கண்டறிதல்



இலக்கணமும் இலக்கியமும் பேசப்படும் இம்மேடையில் மகிழுந்தின் மின்னேற்றத்தைப் பற்றி ஒருவன் பேச வந்திருப்பது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும் மின்கலம், மின்குமிழ், மின்கம்பி ஆகிய மூன்றையும் இணைத்து ஒரு மின்சுற்றை அமைக்கும் பாடத்தை நம் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் தமிழிலேயே கற்கின்றனர். அந்தப் பாடம் தேர்வுத்தாளோடு முடிந்துவிடுவதில்லை; வீட்டு வாசலில் நிற்கும் வண்டியிலும் அது தொடர்கிறது. கற்ற பாடத்தைக் கண்முன் நிற்கும் பொருளில் காண இயலாமற்போனால் என்ன நேரும் என்பதை நான் என் பணத்தைக் கொடுத்துக் கற்றேன். அதிலிருந்தே இவ்வுரையைத் தொடங்குகிறேன்.

1. ஓர் இரவின் பாடம்

என்னிடம் ஒரு பழைய புரோட்டோன் சாகா மகிழுந்து இருந்தது. 1983இல் நிறுவப்பட்ட புரோட்டோன் நிறுவனம் 1985 ஜூலையில் வெளியிட்ட முதல் வண்டியின் வழிவந்தது அது. மிட்சுபிசி நிறுவனத்தின் வடிவமைப்பைத் தழுவியது; கணினிக் கட்டுப்பாடுகள் மிகக் குறைந்தது; ஒரு ஸ்பேனரும் சிறிது பொறுமையும் உள்ளவர் எவரும் கைவைத்துப் பார்க்கக்கூடியது.

ஒருநாள் பள்ளிக் கலைநிகழ்ச்சி முடிய இரவு பத்து மணியாகிவிட்டது. மழை பெய்துகொண்டிருந்தது. பெற்றோர் வர இயலாத இரண்டு மாணவர்களை வீட்டில் விட்டுச் செல்லலாம் என ஏற்றிக்கொண்டு சாவியைத் திருப்பினேன். இயந்திரம் இருமுறை முனகிவிட்டு அடங்கியது. ஆளற்ற பள்ளி வளாகத்தில், இரண்டு பிள்ளைகளுக்குப் பொறுப்பேற்றவனாக, ஒரு மணி நேரம் காத்திருந்தேன். பிள்ளைகளின் பெற்றோர் தொலைபேசியில் கேட்ட கேள்விகளுக்கு அன்று என்னிடம் தகுந்த விடை இல்லை.

அதற்கு முந்தைய எட்டு மாதங்களில் நான் இருமுறை புதிய மின்கலம் வாங்கியிருந்தேன் என்பதே இதில் வேதனை. ஒவ்வொரு முறையும் பட்டறையில் கிடைத்த விடை ஒன்றுதான்: “மின்கலம் செத்துவிட்டது.” மாற்றியதும் சில வாரங்கள் வண்டி நன்றாகவே ஓடும், பின்னர் மீண்டும் அதே முனகல் தொடங்கும். முகப்புப் பலகையில் உள்ள மின்கல எச்சரிக்கை விளக்கு ஓட்டத்தின்போது ஒருநாளும் எரிந்ததில்லை. ஆகவே மின்னேற்றம் ஒழுங்காகவே நடைபெறுகிறது என நானும் நம்பினேன், பட்டறையினரும் நம்பினர். அந்த நம்பிக்கை எங்கே பிழையானது என்பதை அறிய, முதலில் அமைப்பினை அறிதல் வேண்டும்.

2. மின்னேற்ற அமைப்பின் உறுப்புகள்

வண்டியின் மின்கலம் ஓர் ஈய-அமில மின்கலமாகும். பிரான்சு நாட்டு அறிஞர் காஸ்டன் பிளாண்டே 1859இல் உருவாக்கிய கலத்தின் வழித்தோன்றலே அது. அதனுள் ஆறு அறைகள் உள்ளன. முழு மின்னேற்றம் பெற்ற ஒவ்வோர் அறையும் ஏறத்தாழ 2.1 வோல்ட் தரும். ஆறும் தொடராக இணைந்து 12.6 வோல்ட் ஆகிறது. “பன்னிரண்டு வோல்ட் மின்கலம்” என்று நாம் சொன்னாலும், சரியாகப் பன்னிரண்டு வோல்ட் காட்டும் மின்கலம் பெரும்பகுதி வெறுமையான மின்கலமே.

இயந்திரத்தைக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டார் சில நொடிகளில் பெரும் மின்னோட்டத்தை இழுக்கிறது. அவ்வாறு செலவானதை ஈடுசெய்வதும், ஓட்டத்தின்போது விளக்குகள், விசிறிகள் முதலியவற்றிற்கு மின்சாரம் வழங்குவதும் வேறோர் உறுப்பின் கடமை. நூல்கள் அதனை மாறுதிசை மின்னாக்கி என்று குறிக்கின்றன. பட்டறையில் ஆல்டர்னேட்டர் என்பதே வழக்கு. கேட்போருக்குக் குழப்பம் நேராதிருக்க வழக்குச்சொல்லையே நான் ஆள்கிறேன்.

மைக்கேல் பாரடே 1831இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே இதன் அடிப்படை. இயந்திரத்தின் சுழற்சியை ஒரு பெல்ட் ஆல்டர்னேட்டருக்குக் கடத்துகிறது. உள்ளே சுழலும் மின்காந்தம் தன்னைச் சூழ்ந்துள்ள கம்பிச் சுருள்களில் மாறுதிசை மின்சாரத்தைத் தோற்றுவிக்கிறது. மின்கலமோ நேர்திசை மின்சாரத்தை மட்டுமே ஏற்கும். ஆகவே டையோடுகள் என்னும் ஒருவழி வாயில்கள் அதனை நேர்திசையாக்குகின்றன. மின்னழுத்தம் எல்லை மீறாதவாறு சீராக்கி என்னும் ரெகுலேட்டர், சுழலும் காந்தத்திற்குச் செல்லும் மின்னோட்டத்தைக் கூட்டியும் குறைத்தும் கட்டுப்படுத்துகிறது.

முற்கால வண்டிகளில் ஆல்டர்னேட்டர் இல்லை, டைனமோ இருந்தது. 1960ஆம் ஆண்டின் வேலியன்ட் வண்டியில் கிரைஸ்லர் நிறுவனம் ஆல்டர்னேட்டரைப் பொருத்திய பின்னர், பிற நிறுவனங்களும் படிப்படியாக அதற்கு மாறின. இயந்திரம் மெதுவாகச் சுழலும்போதும் ஓரளவு மின்சாரம் தருவதே ஆல்டர்னேட்டரின் சிறப்பு.

3. எச்சரிக்கை விளக்கு சொல்வதும் சொல்லாததும்

மின்னேற்றத்தில் குறையிருந்தால் விளக்கு எரியும், இல்லையேல் எரியாது என்றே நம்மில் பலர் கருதுகிறோம். உண்மை அவ்வளவு எளிதன்று.

பெரும்பாலான பழைய வண்டிகளில் அவ்விளக்கின் ஒரு முனை சாவி வழியாக மின்கலத்தோடும், மறுமுனை ஆல்டர்னேட்டரோடும் இணைந்திருக்கும். சாவியைத் திருப்பியும் இயந்திரம் கிளம்பாத நிலையில் ஒரு பக்கம் மின்னழுத்தம் மிகுதி, மறுபக்கம் குறைவு. ஆதலால் மின்னோட்டம் பாய்ந்து விளக்கு எரிகிறது. இயந்திரம் கிளம்பி ஆல்டர்னேட்டர் மின்சாரம் தரத் தொடங்கியதும் இரு பக்கமும் சமமாகின்றன. பாய்வதற்கு வேறுபாடு இல்லாமையால் விளக்கு அணைகிறது. நீர்மட்டம் சமமான இரு தொட்டிகளை இணைக்கும் குழாயில் நீர் அசையாதிருப்பதைப் போன்றது இது.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் புலப்படும். முதலாவது, அவ்விளக்கு வேடிக்கை பார்க்கும் சாட்சி மட்டுமன்று. அதன் வழியே செல்லும் சிறிய மின்னோட்டமே பல வண்டிகளில் ஆல்டர்னேட்டரின் காந்தத்தை முதன்முதலில் எழுப்புகிறது. விளக்கின் குமிழ் எரிந்துபோனால் ஆல்டர்னேட்டர் உறங்கியே கிடக்கலாம். அல்லது இயந்திரத்தை மிக விரைவாகச் சுழலச் செய்த பின்னரே விழிக்கலாம். எனவே ஆய்வின் முதற்கேள்வி, “ஓட்டத்தின்போது விளக்கு எரிகிறதா?” என்பதன்று, “இயந்திரத்தைக் கிளப்புமுன் சாவியைத் திருப்பும்போது விளக்கு எரிகிறதா?” என்பதே.

இரண்டாவது, அவ்விளக்கு ஆல்டர்னேட்டரின் நிலையை மட்டுமே காட்டுகிறது. ஆல்டர்னேட்டர் ஆக்கிய மின்சாரம் மின்கலத்தைச் சென்றடைந்ததா என்பதை அது அறியாது. அஞ்சல் நிலையத்தில் மடல் சேர்க்கப்பட்டதற்குச் சான்று உண்டு. உரியவர் கையில் அது கிடைத்ததற்குச் சான்று இல்லை. என் வண்டியில் நேர்ந்தது இதுவே.

4. அளக்கும் முன் பார்க்க வேண்டியவை

கருவியை எடுக்குமுன் கண்ணும் காதும் கையும் செய்ய வேண்டிய வேலை உண்டு. ஆயினும் முதலில் பாதுகாப்பு. மின்னேற்றத்தின்போது மின்கலம் ஹைட்ரஜன் வாயுவை வெளியிடும். அது ஒரு தீப்பொறியில் வெடிக்க வல்லது. ஆகவே அருகில் புகைத்தல் கூடாது. மோதிரத்தையும் உலோகக் கைக்கடிகாரத்தையும் கழற்றிவிட வேண்டும். கழுத்துப்பட்டை, துப்பட்டா, அவிழ்ந்த கூந்தல் ஆகியவை சுழலும் பெல்ட்டின் அருகே செல்லலாகாது. மின்விசிறி தானாகவே சுழலத் தொடங்கும் என்பதையும் மறவாதீர்கள். மின்கலத்தைக் கழற்றும்போது எதிர்முனையை முதலில் கழற்றி, பூட்டும்போது அதனைக் கடைசியில் பூட்டுதல் வேண்டும்.

பின்னர் மின்கல முனைகளைப் பாருங்கள். வெண்மையாகவோ பசுமையாகவோ பூத்திருக்கும் படிவு மின்னோட்டத்தைத் தடுக்கும். கையால் அசைத்தால் முனை அசையுமானால் இணைப்பு தளர்ந்துள்ளது. மூடி திறக்கும் வகை மின்கலமாயின், காப்புக் கண்ணாடி அணிந்து, தகடுகள் நீரில் மூழ்கியுள்ளனவா எனக் காணுங்கள். குறைந்திருந்தால் வாலைவடிநீர் மட்டுமே சேர்க்க வேண்டும்.

இயந்திரத்தை நிறுத்திய நிலையில் பெல்ட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். பக்கங்கள் கண்ணாடிபோல் மினுமினுத்தால் அது வழுக்குகிறது. வெடிப்பு இருந்தால் அறுபடக் காத்திருக்கிறது. முகப்பு விளக்கையும் குளிர்சாதனத்தையும் இயக்கியவுடன் கீச்சென்ற ஒலி எழுமானால், சுமையைத் தாங்க இயலாமல் பெல்ட் வழுக்குகிறது என்பது பொருள். பெல்ட்டைச் சரிசெய்தால் தீரும் குறைக்கு ஆல்டர்னேட்டரையே மாற்றியவர்கள் உளர்.

5. மின்கலத்தில் மூன்று அளவீடுகள்

இனி மல்டிமீட்டரை எடுப்போம். அதனை நேர்திசை வோல்ட் அளவில் வைத்து, சிவப்பு முனையை மின்கலத்தின் நேர்முனையிலும் கறுப்பு முனையை எதிர்முனையிலும் வைக்க வேண்டும். கம்பி ஆம்பியர் துளையில் செருகப்பட்டிருக்கக் கூடாது. அந்நிலையில் மின்கலத்தில் வைத்தால் குறுக்குச்சுற்று உண்டாகும்.

முதல் அளவீடு, ஓய்வுநிலை. வண்டியை நிறுத்திச் சில மணி நேரம் கழிந்த பின் அளக்க வேண்டும். ஓட்டி வந்த உடனே அளந்தால் தகடுகளின் மேற்பரப்பில் தங்கிய மின்னேற்றம் பொய்யான உயர்வைக் காட்டும். காத்திருக்க இயலாதெனின் முகப்பு விளக்குகளை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்துச் சிறிது பொறுத்து அளக்கலாம். 12.6 வோல்ட் முழு நிறைவு, 12.4 ஏறத்தாழ முக்கால், 12.2 ஏறத்தாழ அரை, 12.0 ஏறத்தாழக் கால் பங்கு.

இரண்டாவது அளவீடு, கிளப்பும் நிலை. ஒருவர் சாவியைத் திருப்ப, மற்றொருவர் கருவியைக் காண வேண்டும். நல்ல மின்கலம் அந்நேரத்தில் 10 வோல்ட்டை ஒட்டியோ அதற்கு மேலோ நிற்கும். 9.6 வோல்ட்டுக்குக் கீழே வீழ்ந்தால் மின்கலம் வெறுமையாகவோ வலுவிழந்தோ உள்ளது. இயந்திரம் மெதுவாகச் சுழல, மின்கலம் மட்டும் 11 வோல்ட்டில் கம்பீரமாக நிற்குமானால், அங்கே நாம் ஐயம் கொள்ள வேண்டும். மின்கலம் கொடுக்கத் தயாராக உள்ளது, பெறவேண்டியவர் பெறவில்லை.

மூன்றாவது அளவீடு, ஓட்டநிலை. இயந்திரம் நிமிடத்திற்கு 1,500 முதல் 2,000 வரை சுழலும்போது, மின்கல முனைகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். பின்னர் முகப்பு விளக்குகளையும் குளிர்சாதன விசிறியையும் இயக்கிப் பார்க்க வேண்டும், அப்போதும் 13.5 வோல்ட்டுக்குக் கீழே செல்லாதிருப்பது நலம். வெப்பம் மிகுந்தால் ரெகுலேட்டர் மின்னழுத்தத்தைச் சற்றுக் குறைப்பது இயல்பு. நம் நாட்டு நண்பகலில் நெடுந்தொலைவு ஓடிவந்த வண்டி 13.8 காட்டினால் அதனைக் குறையெனக் கொள்ளலாகாது.

ஓட்டநிலையில் அளவு 12.6ஐத் தாண்டவே இல்லையெனில் மின்னேற்றம் நிகழவில்லை. 15 வோல்ட்டைத் தாண்டினால் ரெகுலேட்டர் பழுதாகியிருக்கலாம். மிகை மின்னேற்றம் அமைதியான பகைவன்: மின்கல நீர் விரைந்து வற்றும், அழுகிய முட்டை நாற்றம் வீசும், விளக்குக் குமிழ்கள் அடிக்கடி எரிந்துபோகும்.

இங்கு ஓர் எச்சரிக்கை. இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது மின்கல முனையைக் கழற்றி, வண்டி நின்றால் ஆல்டர்னேட்டர் பழுது, ஓடினால் நலம் எனத் தீர்ப்பளிக்கும் பழக்கம் சில பட்டறைகளில் இன்றும் உண்டு. ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியில் இது கேடு விளைவிக்கும். மின்கலம் திடீரென விலகினால் மின்னழுத்தம் ஒரு கணம் பன்மடங்கு எழுந்து டையோடுகளையும் ரெகுலேட்டரையும் சிதைக்கக்கூடும். நலமாக இருந்த உறுப்பை ஆய்வே கொன்றுவிடும்.

6. வழியில் தொலையும் மின்னழுத்தம்

பள்ளி வளாகத்தில் நின்ற என் வண்டிக்கு மீள்வோம். எங்கள் வீட்டுக்கு அருகில், செம்பனை ஆலையொன்றில் மின்பணியாளராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருந்தார். மறுநாள் மாலை வண்டியைக் காட்டினேன். அவர் கேட்ட முதல் கேள்வி, “வாத்தியாரே, இரண்டு மின்கலம் மாற்றினீர்களே, ஒருமுறையாவது அளந்தீர்களா?” என்பது. நான் தலைகுனிந்தேன்.

அவர் அளந்தார். ஓய்வுநிலையில் 12.3 வோல்ட். சாவியைத் திருப்பியபோது இயந்திரம் முனகியது. மின்கலமோ 11 வோல்ட்டில் நின்றது. வேறொரு வண்டியிலிருந்து ஜம்பர் கம்பி கொடுத்துக் கிளப்பிய பின் அக்கம்பியை அகற்றி, விளக்குகளையும் விசிறியையும் இயக்கி அளந்தார். மின்கலத்தில் 13.1 வோல்ட் மட்டுமே. அந்த இடத்தில் ஒருவர் “ஆல்டர்னேட்டர் பழுது” என்று தீர்ப்பு எழுதியிருக்கலாம். அவர் எழுதவில்லை. கருவியின் சிவப்பு முனையை ஆல்டர்னேட்டரின் வெளியீட்டு முனையிலும் கறுப்பு முனையை அதன் உலோக உடலிலும் வைத்தார். 14.2 வோல்ட் காட்டியது.

ஆக்கும் இடத்தில் 14.2, சேரும் இடத்தில் 13.1. இடையில் 1.1 வோல்ட் தொலைந்திருக்கிறது. அதனைத் தேடுவது எளிது. இயந்திரம் ஓட, சுமை இயங்க, கருவியின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் வெளியீட்டிலும் மறுமுனையை மின்கலத்தின் நேர்முனையிலும் வைத்தார்: 0.2 வோல்ட். நல்ல கம்பியில் இந்த அளவு இழப்பு இயல்பே. அடுத்து, ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் உடலிலும் மறுமுனையை மின்கலத்தின் எதிர்முனையிலும் வைத்தார்: 0.9 வோல்ட். 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டிய இடம் அது. களவு அங்கேதான் நடந்திருந்தது.

மின்சாரம் சென்றால் மட்டும் போதாது, திரும்பவும் வேண்டும் என்பது ஆரம்பப் பள்ளிப் பாடம். மகிழுந்தில் திரும்பும் பாதையாக விளங்குவது இயந்திரத்தின் உடலும் வண்டியின் உடலும், அவற்றை மின்கலத்தின் எதிர்முனையோடு இணைக்கும் எர்த் கம்பியுமாகும். என் வண்டியில் அக்கம்பியின் இயந்திரப்புற முனை, போல்ட்டின் அடியில் பச்சை படர்ந்து அரிக்கப்பட்டிருந்தது.

கணக்கிட்டுப் பார்ப்போம். சுமையோடு ஓடும்போது அப்பாதையில் 30 ஆம்பியர் சென்றதெனக் கொண்டால், 0.9 வோல்ட் இழப்புக்குக் காரணமான மின்தடை 0.03 ஓம். கேட்பதற்கு அற்பமான எண். ஆனால் ஸ்டார்ட்டர் மோட்டார் 100 ஆம்பியர் இழுக்கும்போது அதே 0.03 ஓம், 3 வோல்ட்டை விழுங்கும். மின்கலம் 11 வோல்ட் கொடுத்தாலும் மோட்டாருக்குக் கிடைப்பது 8 வோல்ட். முனகலின் காரணம் அதுவே. இரவில் விளக்குகள் எரிய, மழையில் துடைப்பான் அசைய, சுமை மிகும்தோறும் இழப்பும் மிகுந்தது. மின்கலம் ஒருநாளும் நிறையவில்லை. அரைகுறையாகவே கிடக்கும் மின்கலத்தின் தகடுகளில் ஈய சல்பேட்டு கெட்டிப்பட்டு அதன் ஆற்றல் குன்றும். புதிய மின்கலம் தன் இளமை வலுவால் சில வாரம் சமாளித்தது. பிறகு அதுவும் தளர்ந்தது. மின்கலம் கெட்டது உண்மை. ஆயினும் அது விளைவு, காரணமன்று.

புதிய எர்த் கம்பியின் விலை நான் வாங்கிய மின்கலங்களின் விலையோடு ஒப்பிடத்தக்கதே அன்று. உலோகப் பரப்பை உப்புத்தாளால் தேய்த்துத் தூய்மையாக்கி அதனைப் பூட்டிய பின், எதிர்ப்பக்க இழப்பு 0.05 வோல்ட்டாகக் குறைந்தது. மின்கலத்தில் 14 வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாகக் காட்டியது.

நேர்ப்பக்கத்தில் இழப்பு மிகுந்திருந்தால் அங்குள்ள இணைப்புகளை ஆராய வேண்டும். ஜப்பானிய வடிவமைப்பைத் தழுவிய பழைய வண்டிகளில் ஆல்டர்னேட்டருக்கும் மின்கலத்துக்கும் இடையில் உருகு இணைப்பு ஒன்று அமைந்திருப்பதுண்டு. அது அரைகுறையாக உருகினாலும் முற்றாக அறுந்தாலும் ஆல்டர்னேட்டர் மீதே பழி விழும்.

7. ஆல்டர்னேட்டருக்குள் நேரும் குறைகள்

மின்கலம் நலம், பெல்ட் நலம், கம்பிகள் நலம். ஆயினும் ஆல்டர்னேட்டரின் முனையிலேயே மின்னழுத்தம் குறைவு எனில், அப்போதுதான் குறை அதற்குள் இருக்கிறது எனலாம். அங்கே பெரும்பாலும் மூன்று இடங்களைக் காண வேண்டும்.

முதலாவது, கரித்துண்டுகள். சுழலும் காந்தத்திற்கு மின்னோட்டத்தைக் கொண்டுசெல்பவை இவை. உராய்ந்து உராய்ந்து தேய்பவை. தேய்மானம் முற்றும்போது எச்சரிக்கை விளக்கு விட்டுவிட்டு எரியும்; மேடுபள்ளத்தில் வண்டி குலுங்கினால் அணையும். பல பழைய ஆல்டர்னேட்டர்களில் கரித்துண்டுகளை மட்டும் மாற்ற இயலும்.

இரண்டாவது, டையோடுகள். ஒன்று பழுதானால் ஆல்டர்னேட்டர் முற்றிலும் நின்றுவிடாது. ஆனால் அதன் ஆற்றல் கணிசமாகக் குறையும். மின்சாரம் சீராக இராது. வானொலியில் இயந்திர வேகத்தோடு ஏறியிறங்கும் இரைச்சல் கேட்கலாம். எச்சரிக்கை விளக்கு மங்கலாக ஒளிரலாம். மல்டிமீட்டரை மாறுதிசை வோல்ட் அளவில் வைத்து மின்கலத்தில் அளந்தால், 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டுவது டையோடு பழுதுக்கு அறிகுறி.

மூன்றாவது, ரெகுலேட்டர். அது கட்டுப்பாட்டை இழந்தால் மின்னேற்றம் இல்லாமற்போகும், அல்லது எல்லை மீறும்.

இவை எதனையும் வெறுமையான மின்கலத்தோடு சோதித்தல் சரியன்று. முதலில் மின்கலத்தைத் தனியாக மின்னேற்றி நிறைத்துவிட்டே ஆல்டர்னேட்டரை ஆராய வேண்டும். முற்றிலும் வெறுமையான மின்கலத்தை நிரப்பும் பணியை ஆல்டர்னேட்டர் தலையில் சுமத்தினால், அது அளவு மீறிச் சூடாகும்.

8. நிற்கும் வண்டியில் நிகழும் கசிவு

மாலையில் நன்றாக ஓடிய வண்டி காலையில் கிளம்பவில்லை. அளந்து பார்த்தால் மின்னேற்றம் சரியாகவே உள்ளது. இந்நிலையில் வண்டி நிற்கும்போது ஏதோ ஒன்று மின்சாரத்தைப் பருகுகிறது எனக் கொள்ள வேண்டும். கடிகாரம், வானொலியின் நினைவகம் போன்றவற்றிற்குச் சிறிதளவு தேவை. பழைய வண்டியில் அது 50 மில்லி ஆம்பியருக்குள் அடங்க வேண்டும்.

பின்பெட்டியில் அணையாமல் எரியும் 5 வாட் விளக்கு ஒன்று ஏறத்தாழ 0.4 ஆம்பியர் இழுக்கும். ஒரு நாளில் அது 10 ஆம்பியர்-மணி ஆகும். 45 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள மின்கலத்தில் மூன்று நாளில் பாதிக்கு மேல் தீர்ந்துவிடும். பள்ளி விடுமுறையில் ஊருக்குச் சென்று திரும்பும் ஆசிரியர்கள் பலருக்கு இது பழகிய துன்பமே.

இதனைக் கண்டறிய, சாவியை எடுத்துக் கதவுகளை மூடி, மின்கலத்தின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றி, முனைக்கும் கம்பிக்கும் இடையே மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் தொடராக இணைக்க வேண்டும். அந்நிலையில் ஸ்டார்ட்டரை இயக்கலாகாது. அளவு மிகுதியாக இருந்தால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுங்கள்; எதனை எடுத்ததும் அளவு வீழ்கிறதோ அந்தச் சுற்றிலே குறை உள்ளது. எல்லா ஃபியூஸ்களையும் எடுத்தும் குறையவில்லையெனில் ஆல்டர்னேட்டரின் டையோடு கசிகிறதா எனப் பார்க்க வேண்டும். இரவு முழுதும் நின்ற வண்டியின் ஆல்டர்னேட்டர் காலையில் தொடுவதற்கு வெதுவெதுப்பாக இருந்தால் அதுவே போதிய சான்று.

உறுப்பு எதுவும் பழுதாகாமலே மின்கலம் வெறுமையாவதும் உண்டு. மழையிரவு, நெரிசல், விளக்குகள், துடைப்பான், குளிர்சாதனம் எல்லாம் சேர்ந்தால் தேவை 35 ஆம்பியரை எளிதில் தாண்டும். 50 ஆம்பியர் எனக் குறிக்கப்பட்ட பழைய ஆல்டர்னேட்டர், நின்ற நிலையில் இயந்திரம் மெதுவாகச் சுழலும்போது ஏறத்தாழ அதன் பாதியையே தரும். வரவுக்கு மிஞ்சிய செலவை மின்கலம் தன் சேமிப்பிலிருந்து ஈடுகட்டுகிறது. குறுந்தொலைவு மட்டுமே ஓடும் வண்டிக்கு அச்சேமிப்பைத் திரும்பப் பெற வாய்ப்பே கிடைப்பதில்லை.

9. நடுவழியில் விளக்கு எரிந்தால்

ஓட்டத்தின்போது திடீரென எச்சரிக்கை விளக்கு எரிந்தால், உடனே வெப்பமானியைப் பாருங்கள். பல பழைய வண்டிகளில் ஆல்டர்னேட்டரைச் சுழற்றும் பெல்ட்டே நீர் இறைக்கும் பம்பையும் சுழற்றுகிறது. பெல்ட் அறுந்திருந்தால் இயந்திரம் சில நிமிடங்களில் கொதித்துக் கெட்டுவிடும். வெப்பம் ஏறினால் பாதுகாப்பான ஓரத்தில் உடனே நிறுத்த வேண்டும்.

வெப்பம் ஏறவில்லையெனில் வண்டி மின்கலத்தின் சேமிப்பில் ஓடுகிறது. குளிர்சாதனத்தையும் வானொலியையும் அணையுங்கள். இயந்திரத்தை அணைக்காதீர்கள், மீண்டும் கிளம்பாமற்போகலாம். இரவாயின், மின்சாரத்தைச் சேமிக்கிறோம் என முகப்பு விளக்கை அணைத்துவிட வேண்டா. அது உயிருக்கே ஆபத்து. வெளிச்சமும் ஆள்நடமாட்டமும் உள்ள அருகிலுள்ள இடத்தை அடைந்து நிறுத்துங்கள்.

10. நிறைவுரை

இதுவரை கூறியவற்றை வரிசைப்படுத்தினால் இவ்வாறு அமையும்: முதலில் பார்வை, அடுத்து மின்கலத்தின் ஓய்வுநிலை, கிளப்பும் நிலை, ஓட்டநிலை ஆகிய மூன்று அளவீடுகள், அதன்பின் இரு பக்கமும் வழியிழப்பு, பிறகே ஆல்டர்னேட்டரின் உட்புறம், குறை இரவில் மட்டும் தோன்றின் கசிவு. இவ்வரிசையில் செலவற்றது முதலிலும் செலவு மிக்கது இறுதியிலும் நிற்கின்றன. நானோ செலவு மிக்கதிலிருந்து தொடங்கினேன்.

ஆசிரியப் பெருமக்களே, நம் வகுப்பறையிலும் இது நிகழ்கிறது. கணக்கில் தவறும் மாணவனுக்கு மேலும் பத்துக் கணக்குகள் கொடுக்கிறோம். அவன் கணக்கில் தவறினானா, கேள்வியின் தமிழ் வாக்கியம் விளங்காமல் தவறினானா என்று அளந்து பார்ப்பதில்லை. விளைவைக் காரணமாகக் கொண்டு மின்கலத்தையே மாற்றிக்கொண்டிருக்கிறோம்.

மாணவச் செல்வங்களே, உங்கள் வீட்டில் ஒரு பழைய வண்டி இருந்தால், பெரியவர் ஒருவரின் துணையோடு மல்டிமீட்டரை எடுத்து அந்த மூன்று அளவீடுகளையும் செய்து, தேதியிட்டு ஓர் ஏட்டில் எழுதி வையுங்கள். அடுத்தமுறை பட்டறையில் “மின்கலம் செத்துவிட்டது” என்றால், உங்கள் தந்தையாரிடமோ தாயாரிடமோ அந்த ஏட்டைக் கொடுங்கள். அதிலுள்ள எண்களைக் கண்டபின் பட்டறையினரும் அளந்தே பேசுவார்கள்.

அன்றிரவு என்னோடு காத்திருந்த இரண்டு மாணவர்களும், எர்த் கம்பி மாற்றிய மறுவாரம் வண்டியின் அருகில் வந்து நின்று, “ஐயா, இனி நிற்காதல்லவா?” என்று கேட்டனர். கருவியை அவர்கள் கையில் கொடுத்து, “நீங்களே அளந்து சொல்லுங்கள்” என்றேன்.